முப்பத்தேழரை டிகிரி

கடவுள் இல்லாமல் நடக்கக்கூடிய காரியங்கள் இந்த உலகத்தில் இரண்டே இரண்டுதான். ஒன்று, முட்டை பொரிப்பது. இன்னொன்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இதைச் சொன்னவர் டிகிரி. மழைக்குக்கூடக் கல்லூரிப் பக்கம் ஒதுங்காதவர். ஆனால் எந்தப் பேச்சை எடுத்தாலும் நாலு வார்த்தை தாண்டுவதற்குள் 'டிகிரி' என்று ஒரு முறை சொல்லிவிடுவார். சாப்பாடு ஆறிவிட்டது என்று சொல்லமாட்டார், எத்தனை டிகிரி இறங்கியிருக்கிறது என்று சொல்வார். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சாரக் கட்டண ரசீதில் மட்டும் மிச்சமிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான அறை. அதுதான் பொரிப்பகம். உள்ளே இரண்டு மெஷின்கள், பீரோவை விடக் கொஞ்சம் பெரிதாக. பெரிய மெஷினில் முட்டைகள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒரு பக்கம் சாயும், மறுபடி மறுபக்கம் சாயும். கடைசி மூன்று நாளைக்கு முட்டைகள் சின்ன மெஷினுக்கு மாறும். அங்கே சாய்ப்பது கிடையாது. கதவைத் திறப்பதும் கிடையாது. ஓடு விரிசல் விடும் நேரத்தில் வெளிக்காற்று உள்ளே புகுந்தால் ஓட்டுக்கு அடியில் இருக்கும் சவ்வு காய்ந்து தோல் மாதிரி குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். குஞ்சு உள்ளேயே முடிந்துபோகும். அதனால் சின்ன மெஷினின் கதவில் டிகிரி தன் கையால் எழுதி ஒட்டியிருந்தார்: 'யாராக இருந்தாலும் திறக்கக் கூடாது.'

"யாராக இருந்தாலும்னா?" என்று ஒரு முறை மைத்துனன் கேட்டான். குஞ்சுகளை வேனில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுப்பவன்.

"யாரா இருந்தாலும்தான். உங்க அக்கா ஒருத்தர்கிட்ட தினமும் பேசிக்கிட்டு இருக்காளே, அவரா இருந்தாலும்."

அக்கா பேசியது உண்மைதான். பொரிப்பகத்தில் பாதி வேலை அவளுடையது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு இருட்டாக்கிய மூலை அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளே பல்பு எரியும் டப்பாவின் ஓட்டையில் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்ப்பாள். உள்ளே சிவப்பு நரம்பு சிலந்தி மாதிரி கால் பரப்பியிருந்தால் உயிர் இருக்கிறது. வெறும் வெளிச்சமாக இருந்தால் கூமுட்டை. பிரித்து முடித்து, தட்டுகளை மெஷினுக்குள் தள்ளி, கதவைச் சாத்திக் கொக்கி போட்டதும் அவள் ஒரு காரியம் செய்வாள். உள்ளங்கையைக் கதவின் மேல் வைத்து, "இனி உன் பாடு" என்பாள். பக்கத்தில் நிற்கும் ஆளிடம் துடைப்பத்தைக் கொடுக்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வாள். பிறகு போய்க் கை கழுவுவாள்.

"யாரு பாடு?" என்பார் டிகிரி.

"கேக்கறவருக்குத் தெரியும்."

"உள்ள ஃபேன் ஓடுது. ஹீட்டர் ஓடுது. ஈரத்துக்குத் தண்ணித் தட்டு இருக்கு. முப்பத்தேழரை டிகிரி தாண்டினா தானா நின்னுக்குது. இதுல அவருக்கு என்ன வேலை? ஆள் அதிகம். சம்பளம் கட்டுப்படியாகாது."

"அவர் உங்ககிட்ட சம்பளம் கேட்டாரா?"

"கேக்கலைன்னா இன்னும் மோசம். சும்மாவே வேலை பாக்குறேன்னு வர்றவனை வாசல்லயே நிறுத்தணும்."

குஞ்சு வாங்க வருபவர்களுக்கு இதை அவர் நடித்தே காட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு, கதவில் கையை வைத்து, உதட்டை மட்டும் அசைத்து. அவர்கள் சிரிப்பார்கள். அவர் மனைவியும் ஓரத்தில் நின்று சிரிப்பாள். "கண்ணை நான் மூடமாட்டேன். அதை மட்டும் மாத்திக்குங்க" என்பாள்.

ஊருக்கெல்லாம் குஞ்சு பொரித்துத் தரும் வீட்டில் குழந்தை இல்லை. இதை யாரும் நேரடியாகச் சொல்வதில்லை. குஞ்சு வாங்க வரும் பெண்கள் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இத்தனை உயிரைக் கையில தொட்ட வீடு, உங்களுக்கு ஒரு குறையும் வராது" என்பார்கள். அது ஆறுதல் என்றே அவர்கள் நினைத்தார்கள். வயிற்றில் தங்காமல் இல்லை. தங்கியது நிலைக்கவில்லை. ஒரு தடவை, இரண்டாவது தடவை, மூன்றாவதும். அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடி அவளுக்குத் தலையில் நரை விழுந்து, மருத்துவர்களே பேச்சை விட்டுவிட்ட பிறகு, இந்த முறை.

டிகிரி யாரிடமும் சொல்லவில்லை. கட்டிலுக்கு மேலே ஒரு தெர்மாமீட்டர் தொங்கவிட்டார். அறை மூலையில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார். மனைவி புரண்டு படுத்தால் நல்லது என்று நினைத்து, மணிக்கு ஒரு தரம், "அந்தப் பக்கம் திரும்பிப் படேன்" என்றார்.

"நான் என்ன தட்டுல இருக்கேனா?"

"ரத்த ஓட்டத்துக்குச் சொன்னேன்."

"அப்படியே டப்பா பல்பையும் எடுத்துட்டு வந்து வயித்துல அடிச்சுப் பாத்துடுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார் என்றுதான் மைத்துனன் பின்னால் எல்லோரிடமும் சொன்னான். அது பொய்யாகவும் இருக்கலாம்.

அந்த வருஷ வெயில் தகரத்தை உருக்கிவிடும் போல இருந்தது. பொரிப்பகத்தில் மெஷினுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே சூடு அதிகம். வேலை செய்ய வேண்டாம் என்று அவர் சொன்னதை அவள் கேட்கவில்லை. உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று இருட்டறைக்குப் போய்விடுவாள். ஏழாம் மாதம் முழுசாக முடியவில்லை. மத்தியானம். மைத்துனன் வெளியே ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகளில் குஞ்சுகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான். இருட்டறைக்குள்ளிருந்து, உப்பு கேட்கிற குரலில் அவள் கூப்பிட்டாள்.

"என்னங்க. ஸ்டூல் நனைஞ்சுடுச்சு."

"தண்ணித் தட்டு வழியுதா?" என்று கேட்டார் டிகிரி.

அவர் போய்க் கறுப்புத் துணியை விலக்கினார். அவள் ஒரு கையில் முட்டையைப் பிடித்திருந்தாள், இன்னும் பல்பின் மேல். அதை ஜாக்கிரதையாகத் தட்டில் வைத்த பிறகுதான் எழுந்தாள்.

வேனில் முன் சீட்டில் அவள், நடுவில் அவர் மடங்கி. பின்னால் வண்டி நிறையக் குஞ்சுகள்.

"மாமா, இதுங்கள இறக்கி வெச்சுட்டு..."

"ஓட்டுடா."

வழி நெடுகக் குஞ்சுகள் கத்தின. மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போடும்போதெல்லாம் எல்லாம் ஒரே வினாடி நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தன. அவள் மட்டும் கத்தவில்லை. அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தாள். அந்த இடம் நீலம் பாரித்து ரொம்ப நாள் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி வண்டியைத் தட்டி, "பின்னாடி என்னப்பா சத்தம்?" என்றான்.

"சொந்தக்காரங்க" என்றான் மைத்துனன்.

பெண் குழந்தை. பிறந்தபோது அழவில்லை. துணியில் சுற்றிக்கொண்டு ஒரு பெண் ஓடியதை டிகிரி பார்த்தார். துணி பெரிதாக இருந்தது. முட்டைத் தட்டு ஒன்று இதைவிடக் கனமாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. உடனே அப்படித் தோன்றியதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மேல் மாடியில் ஒரு கண்ணாடி அறை. செருப்பை வெளியே விட்டு, கை கழுவி, பச்சை அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனால் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். முன்பக்கம் கதவு. கீழே ஹீட்டர், உள்ளே சின்ன ஃபேன். ஈரத்துக்குத் தண்ணீர். ஓரத்தில் பச்சை எழுத்தில் டிகிரி.

மத்தியானத்திலிருந்து முதல் தடவையாக அவர் மூச்சு சீராக வந்தது. "நம்ம மெஷின்தான்" என்று மைத்துனனிடம் முணுமுணுத்தார். பிறகு குனிந்து எண்ணைப் பார்த்தார். முகம் மாறியது.

"சிஸ்டர், முப்பத்தஞ்சுதான் காட்டுது."

"ஆமா" என்றாள் நர்ஸ். ஐம்பது வயதை நெருங்கிய, குரலை உயர்த்தாத பெண்.

"கம்மி இல்லையா? ரெண்டரை ஏத்தணும்."

"நீங்க டாக்டரா?"

"கோழி" என்றார் டிகிரி.

நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இது கோழி இல்ல" என்றாள். வேறு எந்த விளக்கமும் தரவில்லை.

குழந்தை உள்ளே மல்லாந்து கிடந்தது. மூக்கில் குழாய், காலில் ஒயர், தலையில் கம்பளிக் குல்லா. தோல் வழியாக நரம்புகள் தெரிந்தன, சிவப்பாக, கால் பரப்பிக்கொண்டு. பல்பு தேவைப்படவில்லை.

டாக்டர் சின்ன வயதுக்காரர், தூக்கத்தைத் தொலைத்தவர். நுரையீரல் முழுசாக வளரவில்லை, மருந்து கொடுத்திருக்கிறது, மெஷின் உதவி செய்கிறது, செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று, இனிப் பார்க்க வேண்டும் என்றார்.

"எதைப் பாக்கணும் சார்? எந்த அளவு? சொன்னா நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கறேன்."

"அப்படி ஒரு அளவு இல்லீங்க."

"எத்தனை டிகிரி வெச்சா..."

"இது டிகிரி விஷயம் இல்லீங்க" என்றார் டாக்டர், கொஞ்சம் தயங்கி. அந்த ஆளின் பட்டப்பெயர் அவருக்குத் தெரிய நியாயமில்லை.

கீழே பிரசவ வார்டில் அவர் மனைவிக்கு பிரஷர் இறங்கவில்லை. கட்டிலை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மேலே போகக் கேட்டுப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சரிலாவது என்றாள். யாரும் சம்மதிக்கவில்லை. ஒரு நாள் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. குழந்தை இருக்கிற மாதிரியே இருந்தது. மாடிக்கும் வார்டுக்கும் டிகிரி படியேறி இறங்கினார். மைத்துனன் பொரிப்பகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேனை ஓட்டினான். இரண்டாம் நாள் சாயங்காலம் அவன் வாங்கி வந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்.

"சின்ன மெஷினுக்கு முட்டைய மாத்திட்டியாடா?"

"மாத்திட்டேன்கா."

"மூடிட்டுக் கை வெச்சியா?"

அவன் மாமாவைப் பார்த்துக்கொண்டே, "வெச்சேன்" என்றான். "நீ சொல்ற மாதிரியே சொன்னேன். ஆனா எனக்குப் பழக்கமில்லாததால 'இனி உங்க பாடு'ன்னு மரியாதையா சொல்லிட்டேன். பரவாயில்லையா?"

அவள் சிரிக்கப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு டிகிரியிடம், "என்னங்க, எனக்கு ஒண்ணு பண்ணுங்க" என்றாள். "என்னால படியேற முடியல. அந்தப் பெட்டிக் கதவுல எனக்குப் பதிலா ஒரு தடவை கை வெச்சுட்டு வாங்க."

"எனக்கு நடிக்க வராது."

"ஊரைக் கூட்டி நடிச்சீங்களே."

"அது வேற."

"நடிக்க வேணாம். சும்மா வெச்சாப் போதும்."

அவருக்குத் தூக்கமில்லை. பச்சை எழுத்துகள் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. அதனால் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். "போன தடவையும் உன் வயித்துல கை வெச்சியே. அதுக்கு முன்னாடியும் வெச்சே. மூணு தடவையும் வெச்சியே. என்ன ஆச்சு?"

மைத்துனன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். பக்கத்துக் கட்டில்காரி தூங்குவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் அழவில்லை. மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தபடியே பேசினாள்.

"கை வெச்சா பொரியும்னு நான் எப்பங்க சொன்னேன்?" என்றாள். "எத்தனை தட்டு பாத்திருக்கேன். எல்லாமா பொரியுது? நாம பண்ண வேண்டியதைப் பண்ணிட்டோம். அதுக்கு மேல இருக்கறது நம்ம கையில இல்லை. அதையும் நாமளே தூக்கிக்கிட்டு நடந்தா எப்படித் தூங்கறது? அதனால குடுத்துட்டு வர்றேன். அவ்வளவுதான்."

"வாங்கிக்கறதுக்கு ஆள் இருக்கணுமில்ல."

"மூணு தடவை நான் செத்துப்போகாம இருந்தேனே. யாரு பிடிச்சுக்கிட்டு இருந்தாங்கன்னு நினைக்கிறீங்க? நீங்களா? நீங்க அப்பல்லாம் மெஷினைக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தீங்க."

மூன்று தடவையும் அவர் மெஷினை அக்கக்காகக் கழற்றித் துடைத்து மாட்டியது உண்மை. பழுது எதுவும் இருக்கவில்லை.

மறுநாள் காலை மேலே போனபோது நர்ஸ் கதவருகில் ஒரு சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க. குழந்தைய வெளிய எடுக்கப் போறோம்" என்றாள். "கொஞ்ச நேரம் நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கணும். அம்மா வந்திருந்தா நல்லது. அவங்களால முடியாது. நீங்க உக்காருங்க."

டிகிரி நகர்ந்து பெட்டிக்கும் நர்ஸுக்கும் நடுவில் நின்றார்.

"திறக்கக் கூடாது" என்றார்.

"என்னது?"

"கதவைத் திறக்கக் கூடாது சிஸ்டர். முழுசா வராததைப் பாதியில வெளிய எடுத்தா ஈரம் போயிடும். ஒட்டிக்கும். நான் எத்தனையோ பாத்திருக்கேன். யாரா இருந்தாலும் திறக்கக் கூடாது."

"இதுக்கு ஓடு இல்லீங்க. ஏற்கனவே வெளிய வந்துடுச்சு."

"நீங்க டிகிரிய மட்டும் ஏத்துங்க. நான் இங்கேயே நிக்கிறேன்."

நர்ஸ் அவரைத் தள்ளவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்ற மைத்துனனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். "தம்பி, நீங்க தாய்மாமாதானே. கை கழுவிட்டு வாங்க. சட்டையைக் கழட்டுங்க."

மைத்துனன் ஒரு கேள்வியும் கேட்காமல் முதல் பொத்தானைக் கழற்றினான். இரண்டாவதையும் கழற்றினான். "எனக்கு நெஞ்சுல முடி ஜாஸ்தி, பரவாயில்லையா?" என்றான்.

"நீ சும்மா இருடா" என்றார் டிகிரி. போய் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் பொத்தானைக் கழற்ற விரல் வரவில்லை. நர்ஸ்தான் கழற்றினாள்.

"உங்க உடம்பு எத்தனை டிகிரி இருக்கும்?" என்று கேட்டாள்.

"முப்பத்தேழு." பிறகு குரல் இறங்கிப்போய், "மெஷினைவிட அரை டிகிரி கம்மி" என்றார்.

"அதுக்குப் போதும். ஆடாம இருங்க. கோழி என்ன பண்ணும்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

உண்மையில் கோழி அடை உட்கார்ந்து அவர் பார்த்துப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அது தேவையில்லை என்று நிரூபிப்பதுதான் அவர் தொழில்.

நர்ஸ் கதவைத் திறந்தாள். குழாயையும் ஒயரையும் ஒரு கையில் ஒதுக்கிப் பிடித்து, குழந்தையைத் தூக்கி அவர் நெஞ்சில் கவிழ்த்து வைத்து, மேலே துணியைப் போர்த்தினாள். கனமே இல்லை. ஈரமான ஒரு சூடு மட்டும் இருந்தது. அதற்குள் ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டது. கையில் எடுத்த குஞ்சும் அப்படித்தான் அடித்துக்கொள்ளும். குஞ்சுகளை அவர் உடனே பெட்டியில் போட்டுவிடுவார். இதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"நீங்க மூச்சு விடுங்க. உங்க நெஞ்சு ஏறி இறங்கினாத்தான் குழந்தைக்குத் தெரியும்."

அவர் மூச்சு விட்டார். கொஞ்ச நேரம் அப்படியே போனது. மைத்துனன் பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே போய் நின்றான்.

அப்போது நெஞ்சின் மேல் அசைவு நின்றது. மெஷின் கத்த ஆரம்பித்தது. நர்ஸ் ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தாள். போர்வையை விலக்கிக் குழந்தையின் உள்ளங்காலை விரலால் சுண்டினாள். ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினாள். முதுகைத் தேய்த்தாள். குழந்தை திடுக்கிட்டது போல ஒரு மூச்சை இழுத்தது. மெஷின் வாயை மூடியது.

"என்ன ஆச்சு சிஸ்டர்?"

"மறந்துடும்."

"எது?"

"மூச்சு விடணும்கறது. இந்த மாசத்துல பிறந்ததுங்களுக்கு அது மறந்துடும். நாம ஞாபகப்படுத்தணும்."

"எத்தனை தடவை மறக்கும்?"

"சொல்ல முடியாது."

"தூங்கறப்போ?"

"தூங்கறப்போதான் அதிகம்."

"ஞாபகப்படுத்தியும் ஞாபகம் வரலைன்னா?"

நர்ஸ் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள். ஏற்கனவே சரியாக இருந்த ஓரம். "ஆடாம உக்காருங்க" என்றாள்.

அவர் ஆடாமல் உட்கார்ந்தார். கால் மரத்தது. முதுகில் வியர்வை வழிந்தது. அவர் நெஞ்சு ஏறியது, அந்தச் சின்ன முதுகு ஏறியது. அவர் நெஞ்சு இறங்கியது, அதுவும் இறங்கும் வரை காத்திருந்தார். திருகுவதற்கு எங்கேயும் ஒரு திருகு இல்லை. இன்னொரு முறை அது மறந்தது. இந்த முறை நர்ஸ் சொல்வதற்குள் அவரே போர்வைக்குள் கையை விட்டு அந்தப் பாதத்தைத் தேடிச் சுண்டினார். அவர் கட்டைவிரல் அளவுதான் பாதம். மூச்சு வந்தது. வராமலும் போயிருக்கலாம். அவர் சுண்டியதற்கும் அது வந்ததற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் செய்வதற்கு அவரிடம் எந்த வேலையும் இருக்கவில்லை.

நேரம் ஆனதும் நர்ஸ் குழந்தையை எடுத்துப் பெட்டிக்குள் கிடத்தினாள். குல்லாவைச் சரிசெய்தாள். கதவைச் சாத்தினாள். கொக்கி விழும் சத்தம் பொரிப்பகத்தில் கேட்கிற அதே சத்தம்.

"போய் அவங்ககிட்ட சொல்லுங்க. நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க. அப்புறம் நீங்களும் கொஞ்சம் படுங்க. ரெண்டு நாளா நின்னுக்கிட்டே இருக்கீங்க."

"நான் போனதுக்கு அப்புறம் மறந்துட்டா?"

"நான் இருக்கேன்."

"நீங்க அந்தப் பக்கம் திரும்பறப்போ?"

நர்ஸ் அவரைப் பார்த்தாள். அடுத்த பெட்டியில் ஏதோ கத்தியது, அங்கே போய்விட்டாள்.

டிகிரி சட்டைப் பொத்தானைப் போட்டார். ஒன்று மாறி விழுந்தது. வாசல் வரை போனார். திரும்பி வந்தார். கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். சரியாகத்தான் விழுந்திருந்தது. ஆனாலும் கை அங்கிருந்து வரவில்லை. விரல்கள் கொக்கியை விட்டு மெல்ல மேலேறின. பிறகு உள்ளங்கை முழுசாகக் கதவில் படிந்தது.

கண்ணாடிக்கு வெளியே மைத்துனன் நின்றிருந்தான். ஒரு வருஷத்துக்குப் போதுமான கிண்டல் அவன் கையில் வந்து விழுந்திருந்தது. அவன் சட்டென்று திரும்பி, 'செருப்பை வெளியே விடவும்' என்று சுவரில் எழுதியிருந்ததை, தேர்வுக்குப் படிக்கிறவன் மாதிரி வாசிக்க ஆரம்பித்தான்.

டிகிரி கண்ணை மூடவில்லை. உதடுகள் அசைந்தன. மூன்றே வார்த்தைகள். ஆனால் மூன்றாவது வார்த்தைக்குள் குரல் உடைந்ததால், முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கைக்கு அடியில் கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. எத்தனை டிகிரி என்று அவர் பார்க்கவில்லை.